ஆட்டோ கியர் சிலிப் ஆகுதா? சுங்கை சிப்புட் காடிக்காரர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணே, புரோட்டோன் வீரா 1.5 ஆட்டோ காடி வெச்சிருக்கேன். மிதிச்சா எஞ்சின் அலறுது, வேகம் ஏறல. கியர்பாக்ஸை இறக்கணும்னு போர்மேன் (மெக்கானிக்) சொல்றாரு.

பதில்: அவசரப்படாதீங்க தம்பி, முதல்ல கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்க. 20 நிமிடம் ஓட்டிட்டு சமதரையில நிறுத்துங்க. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதிச்சபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் ‘என்’ல வைங்க. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) துடைச்சு, மறுபடி விட்டு எடுங்க. மட்டம் ‘ஹாட்’ பகுதிக்குள்ள நிக்கணும். அதுக்குக் கீழே போனா பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் தட்டுகள் இறுகாம வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி மட்டம் பாருங்க. அளவுக்கு மீறினா ஆயில் நுரைச்சு அதே சிலிப்தான் வரும். கையேட்டில் சொன்ன வகை ஆயிலை மட்டும் ஊத்துங்க.

மட்டம் குறைஞ்சா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். டிரைவ் ஷாஃப்ட் சீல், பேன் (கியர்பாக்ஸ் அடியில இருக்கும் ஆயில் தொட்டி) கேஸ்கெட், கியர்பாக்ஸ்ல இருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் மூன்றையும் பாருங்க. மட்டம் சரியா இருந்தும் ஆயில் கருத்து, கருகின வாடை அடிச்சா கிளட்ச் தட்டு தேஞ்சு எரிஞ்சிருக்கு. அப்போ போர்மேன் சொல்றது சரி. புது ஆயில் தேஞ்ச தட்டைத் திருப்பித் தராது.

கேள்வி: காலையில ‘டி’ போட்டா நகர மூணு நொடி ஆகுது. சூடானதும் சரியாயிடுது.

பதில்: உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப் போயிருக்கலாம். சூட்டுல இளகி அழுத்தம் பிடிக்குது. இதுக்கு நேர்மாறா, சூடான பிறகு மேட்டுல வழுக்கினா அது மோசம். நீர்த்த ஆயில் தேய்ந்த சீல், பம்ப் வழியா கசியுது, இல்லன்னா ஃபில்டர் அடைச்சிருக்கு. முதல் வகைக்கு ஆயில், ஃபில்டர் மாத்திப் பார்க்கலாம். ரெண்டாவதைத் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: 90களின் கொரோலா. கியர் சீக்கிரமே மாறுது, லேசா வழுக்குது.

பதில்: எஞ்சின் த்ராட்டில்ல இருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் த்ராட்டில் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டர் பெடலை முழுசா மிதிக்கும்போது கேபிள் உறையின் முனைக்கும் உள்கம்பியில இருக்கும் ஸ்டாப்பருக்கும் இடைவெளி 0–1 மில்லிமீட்டர்தான் இருக்கணும். இது தளர்ந்தா அழுத்தம் குறையும்.

கேள்வி: தோட்டத்துச் செம்மண் பாதையில அடி தட்டின பிறகுதான் சிலிப் ஆரம்பிச்சுது.

பதில்: பேன் உள்பக்கம் நசுங்கி ஃபில்டரின் உறிஞ்சு வாயை அடைச்சிருக்கும். கழற்றி நேராக்குங்க, இல்லன்னா மாத்துங்க. அப்படியே பேனுக்குள்ள இருக்கும் காந்தத்தையும் பாருங்க. சாம்பல் நிறக் குழம்பு வழக்கமானது. மினுக்கும் உலோகத் துண்டு இருந்தா உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கு.

கேள்வி: ஆயில் பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பா இருக்கு.

பதில்: ரேடியேட்டருக்குள்ள இருக்கும் கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கு. இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க, அது கிளட்ச் தட்டின் ஒட்டுப் பசையைக் கரைச்சுடும். ரேடியேட்டரை மாத்தணும், கியர்பாக்ஸையும் ஹோஸையும் முழுசா கழுவணும். முன்சக்கரத்துல ஓடும் காடின்னா, ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்கும்போது முன்சக்கரங்கள் தரையில படாம தூக்கியே இழுக்கச் சொல்லுங்க, எஞ்சின் ஓடாதப்போ பம்ப் ஆயில் தராது.