லேவியராகமத்தில் நின்றுவிட்டேன்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. வேதத்தை முதல் பக்கத்திலிருந்து தினம் மூன்று அதிகாரமாக வாசித்து வந்தேன். ஆதியாகமம் கதை மாதிரி ஓடியது. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் தோலில் தடிப்பு, வெள்ளைப் படர், ஆசாரியன் என்று ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டேன். இப்போது கண்ணை மூடி ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, முதலில் படும் வசனத்தை வாசித்துவிட்டு மூடிவிடுகிறேன். சபையில் எல்லாருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் விசுவாசம் போதவில்லையோ?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய ராணியின் மந்திரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். புரிகிறதா என்று பிலிப்பு கேட்கிறார். யாராவது சொல்லிக்கொடுக்காமல் எப்படிப் புரியும் என்கிறார் அவர். பிலிப்பு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லேவியராகமத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாற்குவுக்கு வாருங்கள். 16 அதிகாரம்தான். யூத வழக்கம் தெரியாதவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார் மாற்கு. 7-ஆம் அதிகாரத்தில் யூதர்கள் ஏன் கைகழுவாமல் சாப்பிட மாட்டார்கள் என்று நிறுத்தி விளக்குகிறார். 5-ஆம் அதிகாரத்தில் இயேசு 'தலீத்தாகூமி' என்று சொன்னதும், அதற்கு அர்த்தம் என்னவென்று மாற்குவே சொல்லிவிடுகிறார். உங்களை மாதிரி புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

அந்த 5-ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ' என்று வரும். பெரும்பாடு என்றால் பெரிய கஷ்டம் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். பெண்களுக்கு நிற்காமல் போகும் உதிரப்போக்குக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஏறக்குறைய 150 வருடத்துக்கு முந்தைய தமிழ். அதில் சொல் புரியாமல் போவது உங்கள் குற்றமே இல்லை. திருவிவிலியம் என்று 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. அதில் அதே இடத்தில் 'இரத்தப்போக்கு' என்றே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சரி, இப்போது லேவியராகமத்துக்குத் திரும்புங்கள். நீங்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டு அதிகாரம் தள்ளி, 15-இல் 25-ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். இப்படிப்பட்ட பெண் படுக்கும் படுக்கை தீட்டு, உட்காரும் இடம் தீட்டு, அவற்றைத் தொடுகிறவர்களும் தீட்டு. இந்தச் சொல்லை நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடம் அப்படி ஒதுங்கியிருந்தவள் கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். சுகமான பிறகும் பயந்து நடுங்குகிறாள். ஏன் நடுங்கினாள் என்பது லேவியராகமத்தை வாசித்தபின் நன்றாகப் புரியும். இயேசு அவளை 'மகளே' என்று கூப்பிடுகிறார். அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்த நேரம் யவீரு என்கிற தகப்பன், சாகக் கிடக்கும் தன் மகளுக்காகப் பக்கத்திலேயே தவித்துக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிறுமிக்கும் வயது பன்னிரண்டு.

தினம் மூன்று அதிகாரம் வேண்டாம். ஒரு சம்பவம் போதும். யார் யாரிடம் பேசுகிறார், இதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் பாருங்கள். புரியாத சொல்லை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் உட்காருகிற அக்காவிடமோ பாஸ்டரம்மாவிடமோ கேளுங்கள். எல்லாருக்கும் புரிகிறது என்று நீங்கள் நினைப்பவர்களில் பலருக்கும் அந்தச் சொல் தெரியாது, கேட்கத்தான் கூச்சம்.

அப்புறம், கண்ணை மூடித் திறக்கிற பழக்கம். அதை விட்டுவிடுவது நல்லது. எரேமியா 29:11 நம் வீட்டுச் சுவர்களில் வாக்குத்தத்த வசனமாகத் தொங்குகிறது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்கிற வசனம். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம், அங்கே எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதையும் சேர்த்து வாசித்தால்தான், நெடுங்காலம் காத்திருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று தெரியும். உங்கள் வீட்டாருக்காக நீங்களும் காத்திருக்கிறீர்கள் இல்லையா, உங்களுக்கும் அது முழுசாக வேண்டும்.

மாற்கு 5-ஐ இன்று ராத்திரியே வாசியுங்கள். 43 வசனம்தான், சத்தமாக வாசித்தாலும் பத்து நிமிடம் ஆகாது. கடைசி வசனத்தில் இயேசு அந்தச் சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். அதை வாசித்தபோது உங்கள் மனதில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.