பந்தலைப் பிரிக்கவா, விடவா? ஐப்பசிக் காற்றுக் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி மழையைப் பற்றியிருக்கும், பாதி கல்யாணத்தைப் பற்றியிருக்கும். இந்த வாரம் காற்று. 'பலத்த தரைக்காற்று வீசும், பகல் வெப்பநிலை இயல்பைவிடக் குறையும்' என்ற அறிவிப்பு வந்த அன்றே கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மணிக்கு 40 கி.மீ. காற்று என்று எச்சரிக்கிறார்கள். ஆடியில் தினமும் பார்க்கிற காற்றுதானே? இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? (கானாடுகாத்தான்)

எண் ஒன்றுதான், காற்று வேறு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று. முற்பகலில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஒரே திசையில் அடிக்கும். மரமும் பழகியிருக்கும், நாமும் பழகியிருப்போம். அம்மி பறக்கும் என்பார்கள், நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் காலையிலிருந்து இலை அசையாது. மூன்று மணிக்குப் புழுக்கம் தாங்காது. வானம் ஒரு பக்கமாகக் கறுக்கும். அப்புறம் எல்லாம் பத்து நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடுகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனமாகி, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கீழே இறங்கி, தரையில் மோதி நாலா பக்கமும் ஓடுகிறது. மழைக்கு முன்னால் சில்லென்று வருவது இதுதான். முதலில் தெருவில் செம்மண் புழுதி எழும்பும், அடுத்து வளவுக் கதவு அறையும், கொடியில் கிடந்த வேட்டி பக்கத்து வீட்டுக்குப் போகும். முதல் சொட்டு அதற்குப் பிறகுதான். ஐந்து நிமிடத்தில் ஐந்தாறு டிகிரி இறங்குவது சாதாரணம்.

இன்னொன்று. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 30 கி.மீ. காற்றைத் தாங்கிய தைலமரக் கிளை, திடீரென்று 60 வந்தால் ரோட்டில்தான் கிடக்கும். திருமயம் பக்கம் சாயங்காலம் பைக்கில் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

தேவகோட்டையில் மகள் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல் போடலாமா?

போடலாம் ஐயா. காலை முகூர்த்தம் என்றால் எனக்குப் பெரிய கவலை இல்லை. உள்நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலிருந்து இரவுக்குள்தான் வருகிறது. கவலை எல்லாம் முதல்நாள் சாயங்கால வரவேற்புக்குத்தான். பந்தலைச் சாய்ப்பது மேல்துணி மட்டும் இல்லை, பக்கப் படுதா. மூன்று பக்கமும் அடைத்த பந்தல் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். மேகம் கறுத்ததும் படுதாவைச் சுருட்டி மேலே கட்ட இரண்டு ஆட்களை நிறுத்துங்கள். சீரியல் விளக்கு ஒயரை இரும்புக் காலில் சுற்ற விடாதீர்கள், அலங்காரக்காரர் எவ்வளவு சொன்னாலும்.

ஆனால் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது விடியற்காலையிலும் கொட்டும். மண்டபத்துக்கு மாறிவிடுங்கள்.

எங்கள் ஊருக்கு எந்த அறிவிப்பைப் பார்ப்பது? டிவியில் காரைக்குடி என்கிறார்கள், கைபேசியில் புதுக்கோட்டை என்று வருகிறது. (கோனாப்பட்டு)

செட்டிநாடு என்று ஒரு மாவட்டம் கிடையாதே, அதுதான் சிக்கல். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். நீங்கள், ராயவரம், பொன்னமராவதி எல்லாம் புதுக்கோட்டை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை எல்லாமே மாவட்டவாரியாகத்தான் வரும். உங்களுக்கு இரண்டையும் பார்க்கச் சொல்வேன், மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது.

'ஓரிரு இடங்களில்' என்பதை யாரும் கவனிப்பதில்லை. மழை அளக்கும் நிலையங்களில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்பது அதன் பொருள். உங்கள் ஊரில் பெய்யாவிட்டால் அறிவிப்பு பொய் என்று ஆகாது.

சென்னையில் புயல் என்று செய்தி வரும்போதெல்லாம் நாங்கள் கண்மாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு சொட்டு விழுவதில்லை. ஏன்? (பொன்னமராவதி விவசாயி)

எனக்குப் பிடித்த கேள்வி. நம் பக்கத்தில் புயலும் தாழ்வுப் பகுதியும் இடஞ்சுழியாகச் சுற்றும். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. அது சென்னைக்கு நேராகவோ ஆந்திரக் கரையிலோ இருந்தால், நாம் அதற்குத் தென்மேற்கே இருக்கிறோம். நமக்குக் காற்று வடமேற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வரும். நிலத்தின் மேல் ஓடிவந்த வறண்ட காற்று, அதில் மழை எங்கே? 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது நடந்தது அதுதான். அதே மாதம் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் ஒரு சுழற்சி. புயல் என்று பெயர்கூட வைக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது.

நமக்கு நல்லது, தாழ்வுப் பகுதி இலங்கைக்குத் தெற்கிலோ மன்னார் வளைகுடாவிலோ வருவது. அப்போது தொண்டிப் பக்கமிருந்து கடற்காற்று நேராக ஏறும். கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை, கொண்டல் என்றால் மேகமும்தான். மொட்டை மாடியில் நின்று ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மேற்கே சாய்ந்தால் கண்மாய்க்கு நம்பிக்கை உண்டு. கிழக்கே சாய்ந்தால் நெல்லைக் காயப் போடுங்கள்.

புயல் நேராக நம் மேலேயே வருவதும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, உள்ளே புதுக்கோட்டைவரை மரங்களை முறித்துப் போட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்வெட்டர் வாங்கி வைக்கவா? (பள்ளத்தூர்)

வேண்டாம் ஆச்சி. குறையப் போவது பகல் வெப்பம், அதுவும் மேகம் வெயிலை மறைப்பதால். இரவில் அதே மேகம் போர்வையாகிவிடும், தரையின் சூடு வெளியே போகாது. பகலில் 27, 28, இரவில் 23, 24 என்றால் அதைக் குளிர் என்று சொல்ல முடியுமா? நல்ல குளிர் வானம் தெளிந்த பிறகுதான். பிள்ளையார் நோன்புக்கு வருவதாக இருந்தால் விடியற்காலைக்கு ஒரு சால்வை போதும்.

பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டை இந்தக் காற்றுக்கு முன் என்ன செய்வது? சென்னையில் இருக்கிறோம்.

இந்த ஒரு கேள்வி மட்டும் பதினோரு பேரிடமிருந்து. ஊரில் ஒரு ஆளை அனுப்பி மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் முற்றத்துத் தூம்பு, அதாவது தண்ணீர் வெளியேறும் துளை. சுற்றுக்கூரை எல்லாம் முற்றத்தைப் பார்த்துத்தான் சரிகிறது. நூறு சதுர மீட்டர் கூரையில் 7 செ.மீ. மழை என்றால் 7,000 லிட்டர், ஒரு சின்ன டேங்கர் லாரித் தண்ணீர். தூம்பில் வேப்பஞ்சருகு அடைத்திருந்தால் அது பட்டாலைக்குத்தான் ஏறும். ஒரு முறை எங்கள் வீட்டுத் தூம்பில் கைவிட்டபோது சருகோடு ஒரு ரப்பர் பந்து வந்தது. எந்தத் தலைமுறைப் பிள்ளை போட்டதோ.

அடுத்து இரண்டு கூரைகள் சேரும் ஓடை. நாட்டு ஓட்டில் ஒன்று நகர்ந்திருந்தால் கீழேயிருந்து பார்த்தால் தெரியாது, பகலில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, முற்றத்துக்கு மேல் புறாவுக்காகப் போட்ட ஃபைபர் தகடு. இந்தக் காற்றில் முதலில் பறப்பது அதுதான். ஓட்டை உடைத்துக்கொண்டுதான் போகும்.

இடி இடிக்கும்போது எப்போது உள்ளே போக வேண்டும்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உள்ளே வந்துவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் ஊருணிக் கரைக்கும் புளியமரத்தடிக்கும் போக வேண்டாம்.

கூழ்வற்றல் ஊற்றலாமா?

இப்போதா? தை வரட்டும்.