தந்தையின் டிராக்டர்: பழுது பார்ப்பதா, பிரித்து விற்பதா?

கேள்வி: என் தந்தையார் 1994-ல் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் எங்களிடம் உள்ளது. தந்தையார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். வண்டி இப்போது ஆயில் குடிக்கிறது, நீலப்புகை விடுகிறது, ஏரைத் தூக்கவும் திணறுகிறது. எஞ்சின் முழு வேலை, கிளட்ச், ஹைட்ராலிக், பெயின்ட் எல்லாம் சேர்த்து 1,45,000 ரூபாய் ஆகும் என்று சென்ற கோடையில் மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். பிரித்து விற்கும் வியாபாரி ஒருவர் 85,000 தருவதாகவும், ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறார். என் தம்பி விற்றுவிடலாம் என்கிறான். சொந்த நிலம் 4 ஏக்கர், குத்தகை 3 ஏக்கர், இரண்டு போகம். ஊரில் உழவு வாடகை மணிக்கு 1,200. பின் டயர் இரண்டும் போன ஆண்டுதான் மாற்றினேன். என்ன செய்யலாம்?
– மன்னார்குடி வட்டார வாசகர் ஒருவர்

பதில்: மெக்கானிக் சொன்ன தொகையையும் வியாபாரி சொன்ன தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டுமே அடுத்தவர் போட்ட கணக்கு. உங்கள் வயலுக்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் டிராக்டர் தேவை என்ற கணக்கை நீங்கள் போடவே இல்லை. ஏக்கருக்கு உழவு, சேறு கலக்குதல், பரம்படித்தல் எல்லாவற்றுக்குமாக ஒரு போகத்துக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஏழு ஏக்கருக்கு இரண்டு போகத்தில் 70 மணி நேரம் வருகிறது. வாடகைக்குப் பிடித்தால் அதற்கு 84,000 ரூபாய். சொந்த வண்டியென்றால், மணிக்கு நான்கு லிட்டர் டீசல் வீதம் ஏறத்தாழ 26,000 ரூபாய். ஆயில், சில்லறைப் பழுது, ஓட்டுபவர் கூலி ஆகியவற்றைக் கழித்தாலும் ஆண்டுக்கு 40,000 ரூபாய் உங்கள் கையில் நிற்கும். 70 மணி நேர வேலைக்காகக் கடன் வாங்கிப் புது டிராக்டர் எடுப்பது வீண் என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் ஆண்டுகளில் டெல்டா முழுவதும் ஒரே வாரத்தில் உழவுக்கு அலையும்போது, 1,200 ரூபாய் கொடுத்தாலும் வண்டி வராது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வியாபாரியின் விலையைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். அந்த வண்டி சுமார் 1,700 கிலோ எடை. கிலோ 30 ரூபாய் என்று பழைய இரும்பாகவே போட்டாலும் 51,000 வந்துவிடுகிறது. மீதம் 34,000 ரூபாய்தான் பாகங்களுக்கான விலை. போன ஆண்டு போட்ட 12.4-28 அளவுப் பின் டயர் ஜோடியே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அப்படியானால் டீசல் பம்ப், ஸ்டார்ட்டர், முன் ஆக்சில், கியர்கள் எல்லாம் ஏறக்குறைய இலவசமாகப் போகின்றன. பாகத்துக்குப் பாகம் விலை கிடைப்பது உண்மைதான். ஆனால் அது பிரித்து, கழுவி, கடையில் அடுக்கி, ஆள் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பவருக்குக் கிடைக்கும் விலை. உங்களுக்குக் கிடைப்பது எடை விலை.

இனிப் பழுதுக்கு வருவோம். உங்கள் வண்டியில் உள்ள மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சினை வேலை பார்க்காத பட்டறை தமிழ்நாட்டில் அரிது, பாகமும் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே எஞ்சினைக் கண்டு அஞ்ச வேண்டாம்; அஞ்ச வேண்டியது பின் ஹவுசிங்கைக் (பின் சக்கரங்களை ஓட்டும் பல்சக்கரங்கள் அடங்கிய பின்பக்கக் கூடு) கண்டுதான். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பின் ஹவுசிங்கின் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, பின் சக்கரங்களுக்கு விசையைத் தரும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனுக்கும் அதே எண்ணெய்தான். கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் உழுத வண்டிகளில், சக்கர அச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆக்சில் சீல் தேய்ந்ததும் நீர் உள்ளே புகுந்து, பம்பையும் பல்சக்கரங்களையும் ஒருசேர அரிக்கும். ஏர் தூக்கத் திணறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. வண்டியை இரவு முழுவதும் அசைக்காமல் நிறுத்திவைத்து, காலையில் ஹவுசிங்கின் அடித்திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதலில் தெளிந்த நீர் சொட்டினாலோ, எண்ணெய் மோர் நிறத்தில் வந்தாலோ, நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். வடித்த எண்ணெயில் மினுமினுக்கும் தூளோ உடைந்த பல்லின் துணுக்கோ இருந்தால், எஞ்சினில் ஒரு ரூபாய்கூடப் போடாமல் விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பின்பகுதி நன்றாக இருந்தால் எஞ்சினைப் பாருங்கள். அது ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், கனத்த புகை விட்டுவிட்டு அடிக்கிறதா? அடித்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உள்ளுறையான லைனரும் தேய்ந்திருக்கின்றன. மூடியில் புகை இல்லாமல், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் சைலன்சரில் நீலப்புகை வந்து பிறகு குறைந்தால், வால்வின் தண்டைத் தாங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலையோடு அது முடிந்துவிடும். முழு வேலைதான் என்றால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த கிராங்கை வழக்கமாக 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று படிப்படியாக மூன்று முறை கடைவார்கள். ஏற்கெனவே 0.030 வரை கடைந்திருந்தால் வேறு கிராங்க் வாங்க வேண்டிவரும், அந்தச் செலவு மதிப்பீட்டில் சேர்ந்திருக்காது.

அந்த மதிப்பீடே பழையதாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், ஹைட்ராலிக் பம்ப், கிளட்ச், ரேடியேட்டர் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. எஞ்சின் உள்பாகங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பாகம் வேறு, கூலி வேறு என்று பிரித்து எழுதிய புது மதிப்பீடு கேளுங்கள். பெயின்ட் செலவை அதிலிருந்து நீக்கிவிடுங்கள், உழவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், கடைசித் தவணையை வயலில் ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையைப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகே கொடுங்கள். 90,000 ரூபாய்க்குள் வேலை முடிந்தால், மேற்சொன்ன கணக்கின்படி இரண்டரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். பிறகு விற்க நினைத்தாலும், ஓடும் வண்டிக்கு ஓடாத வண்டியின் விலையை யாரும் பேசமாட்டார்கள். எனவே, பின் ஹவுசிங் கெடாதிருந்தால் பழுது பாருங்கள் என்பதே என் தீர்ப்பு.

வியாபாரி கேட்ட ஆர்.சி. புத்தகத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். பிரிக்கப்பட்ட வண்டியின் புத்தகமும் சேசிஸ் எண்ணும் திருட்டு வண்டிக்கு முகவரியாகிவிடும். காவல் துறை தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. நிரந்தரமாகப் பயன்படாத நிலைக்குப் போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது.

அதற்கும் முன்னால் ஒன்று. புத்தகம் இன்னும் தந்தையார் பெயரில்தான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். உரிமையாளர் இறந்த மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. 15 ஆண்டுகள் தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அது எப்போது நடந்தது என்று பாருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஏனைய வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றோடு அலுவலகத்துக்குப் போங்கள். அந்தக் கடிதத்தில் தம்பியும் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதால், வண்டியில் அவருக்குள்ள பங்கை இப்போதே பேசி முடித்துவிட்டு, அதன் பிறகு மெக்கானிக்கை அழையுங்கள்.