என்னைக் கேட்காமலே பதிந்துவிட்டார்

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 54. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஜொகூரில் வேலை செய்கிறான், மகளைக் கோலாலம்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும்தான். வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புருஷனைக் குறை சொல்லவே ஒருத்தி எழுதுகிறாள் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். முன்பு போல நிறையச் செய்வதில்லை. பிள்ளைகள் எடுத்துப்போக ஒரு டின், அக்கம்பக்கத்துக்கு ஒரு டின், அவ்வளவுதான். அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது நின்று எவ்வளவோ காலம் ஆகிறது. கை முழுக்க மாவு. அந்த நேரம் பார்த்து இவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இங்க பாரு, பதிஞ்சிட்டேன்" என்றார். கண்ணாடி போடாததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னவென்று கேட்டால் உறுப்பு தானமாம். கைப்பேசியில் இருக்கிற அரசாங்கச் சுகாதாரச் செயலி மைசெஜாத்திராவிலேயே பதியலாமாம், ஒரு நிமிஷ வேலையாம். சட்டியில் எண்ணெய் காய்கிறது, இவர் செத்த பிறகு கிட்னியைக் கொடுக்கிறேன் என்று வந்து நிற்கிறார். நல்ல நாள் பெரிய நாள் பார்க்க வேண்டாமா?

எனக்கு உறுப்பு தானத்தில் எதிர்ப்பு இல்லை அம்மா. யாராவது செய்தார்கள் என்று பேப்பரில் படித்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் என்னைக் கேட்கவில்லையே! காருக்கு டயர் மாற்றக்கூட "என்ன சொல்றே?" என்று கேட்பவர். போன வருஷம் ஐஸ்பெட்டி வாங்க நாலு கடை என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். இதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

எல்லாம் அந்தக் கூட்டாளியால் வந்தது. இவரோடு வேலை செய்தவர், இனிப்பு நீர் முற்றி இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். தடவைக்கு நாலு மணி நேரம். இவர்தான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்து உட்கார்ந்து மனசு அப்படி ஆகிவிட்டது. "நாட்டுல 10,000 பேருக்கு மேல கிட்னிக்குக் காத்திருக்காங்க, தெரியுமா?" என்று என்னிடம் கணக்குச் சொல்கிறார். நான் என்ன சுகாதார அமைச்சரா?

மாமியாருக்குத் தெரிந்ததும் வீடு இரண்டாகிவிட்டது. "குடைஞ்செடுத்த உடம்புக்கா என் மகனுக்கு வாய்க்கரிசி போடுவீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாத்தனார் போன் செய்து, "அண்ணி, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?" என்கிறாள். எனக்கே தெரியாது என்றால் யார் நம்புகிறார்கள்?

சாஸ்திரப்படியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கண்ணை எடுத்துவிட்டு அனுப்பினால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லுவார். கோயில் ஐயரைக் கேட்டேன், தப்பே இல்லை என்றார். ஆனால் அவர் சின்ன வயசு ஐயர். இன்னொன்று, பதிந்தவர் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் ஒழுங்காக வைத்தியம் பார்ப்பார்களா? வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வருகிறது.

மகளிடம் புலம்பினேன். அவள் படித்தவள், "அம்மா, பதிஞ்சாலும் கடைசியில குடும்பத்தைக் கேட்டுத்தான் எடுப்பாங்க, மொதல்ல ஒங்களைத்தான் கேப்பாங்க" என்கிறாள். ஏன் என்னை? பிள்ளைகள் வந்து சேர ராத்திரியாகிவிடும், மாமியார் ஒரு பக்கம் மாரில் அடித்துக்கொண்டு நிற்பார், நான் ஒருத்தி அந்த ஐசியு வாசலில். அந்த இடம் எனக்குப் புதுசில்லை, எங்கள் அப்பாவுக்கு மெஷினை நிறுத்தக் கையெழுத்துப் போட்டதும் நான்தான், அண்ணன் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது, அவர் அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான், அது பழைய கதை, விடுங்கள். நான் சொல்ல வந்தது, ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவருக்குக் கட்டின மனைவியை ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை என்பதுதான்.

"நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இது நடக்காது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பசியாற வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. அவர் மனசை மாற்றி, பதிந்ததை நீக்க வைக்க என்ன வழி? நான் கேட்பது நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்களைக் கேட்காமல் செய்தது உங்கள் கணவரின் தவறுதான். அதைக் காயும் எண்ணெய்க்கு முன்னால் வந்து அறிவித்தது இன்னும் பெரிய தவறு. அந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் பக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். தீபாவளி முடிந்து, உங்களை உட்கார வைத்து, "இப்படி ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன், என்ன சொல்கிறாய்?" என்று முறையாகக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போதும் பாட்டி வந்திருப்பார், மாமியார் வந்திருப்பார், வாட்ஸ்அப் வந்திருக்கும்.

அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தன் கண்ணைத் தோண்டிச் சிவனுக்கு அப்பிய திண்ணனைக் கண்ணப்பர் ஆக்கி, அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடும் மரபு நம்முடையது. இதில் பாட்டியைவிட அந்தச் சின்ன வயசு ஐயர் சொன்னதுதான் சரி. உறுப்புகளை எடுத்த பிறகு, மற்ற அறுவைச் சிகிச்சைகளில் செய்வது போலவே தைத்து, உடலை வீட்டாரிடம் ஒப்படைப்பார்கள். நீர்மாலை, வாய்க்கரிசி எதற்கும் தடை இல்லை, குடும்பத்துக்கு அதற்காக ஒரு காசு செலவும் இல்லை. வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் வேறு, உறுப்பு மாற்றும் குழு வேறு. இவ்வளவுதான்.

இனி, "அது பழைய கதை, விடுங்கள்" என்று எழுதினீர்களே, அதை நான் விடப்போவதில்லை. கணவர் கேட்கவில்லை என்பதைப் பத்திக்குப் பத்தி எழுதிய நீங்கள், அப்பாவின் மரணத்தை ஒரே வாக்கியத்தில், மூச்சுவிடாமல் சொல்லிக் கடந்துபோகிறீர்கள். அண்ணன் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. ஊகிக்க முடிகிறது. "நீதானே அப்பாவை அனுப்பி வைத்தாய்" என்ற மாதிரி ஏதோ ஒன்று. அன்றிலிருந்து அந்த ஐசியு வாசலிலிருந்து நீங்கள் வீடு திரும்பவே இல்லை. இப்போது கணவர் கைப்பேசியை நீட்டியதும், அதே வாசலில் இன்னொரு கையெழுத்துக்கு உங்களைக் கூப்பிடுவது போல ஆகிவிட்டது. தூக்கம் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிழைப்பார் என்ற நம்பிக்கை உள்ள நோயாளிக்கு மெஷினை நிறுத்தச் சொல்லி எந்த டாக்டரும் மகளிடம் தாளை நீட்டமாட்டார். இனி வைத்தியத்தால் பயனில்லை என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். அதைப் புரிந்துகொண்டோம், ஏற்றுக்கொண்டோம் என்று நீங்கள் போட்டது அந்தக் கையெழுத்து. அப்பாவை அனுப்பியது அவருடைய நோய்.

அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி மூச்சுக்கு வந்து சேர முடியாத பிள்ளைக்குத் தன் மேலேயே பொல்லாத கோபம் இருக்கும். அதை யார் மேலாவது இறக்கியாக வேண்டும். பக்கத்தில் இருந்தவர்தான் கைக்கு அகப்படுவார். முறுக்கு நின்றது அவர் வாங்க மறுத்ததாலா, நீங்கள் அனுப்பாமல் விட்டதாலா என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை.

உறுப்பு தானத்தில் உங்களிடம் கேட்கப்படும் கேள்வி அடியோடு வேறு. மெஷினை நிறுத்தலாமா என்று அங்கே யாரும் உங்களைக் கேட்பதில்லை. மூளைச் சாவு என்று சொல்வதற்கு முன்னால், உறுப்பு மாற்றுக் குழுவில் சேராத இரண்டு நிபுணர்கள் சோதிக்கிறார்கள். கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். விழியைப் பஞ்சால் தொடுவார்கள். காதுக்குள் குளிர்ந்த நீரை விடுவார்கள். கடைசியாகச் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தி, ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டே, தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்று நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து செய்வார்கள். மூளையிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தாலும் மூளைச் சாவு என்று சொல்லமாட்டார்கள். ஒன்றுமே இல்லை என்று உறுதியான பிறகுதான் மரணத்தை அறிவிப்பார்கள். அதற்கும் பிறகுதான் ஒருவர் வந்து குடும்பத்தோடு உட்கார்ந்து, கொடுக்க விருப்பமா என்று கேட்பார். அதற்கு நீங்கள் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அவர் பிழைக்கப் போவதில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். அப்போது உடம்பு சூடாகத்தான் இருக்கும். மெஷின் காற்றை உள்ளே தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு இறந்துவிட்டார் என்று நம்புவது லேசான காரியம் இல்லை. நம்ப மறுத்துத் திரும்பிப்போகும் குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அப்படி ஒரு நாள் வராமலே போகவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. தலையில் பலத்த அடி, மூளையில் ரத்தக் கசிவு போன்றவற்றால், ஐசியுவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போது மூளைச் சாவு ஏற்பட்டவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் எடுக்க முடியும். வயதாகி வீட்டில் இறந்துபோனால் கண்ணின் கருவிழியைக் கொடுக்கலாம், சிறுநீரகத்தைக் கொடுக்க முடியாது. உங்கள் கணவருக்கும் கட்டிலில் கிடந்து நிம்மதியாகப் போகிற விதி இருக்கலாமே.

இனி உங்களுக்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். "நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றீர்களே, அது நம் வீடுகளில் வாய்க்கு வந்தபடி சொல்லும் வார்த்தை இல்லை. மலேசியாவில் 1974ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. இறந்தவர் எழுதி வைத்திருந்தாலும், குடும்பம் வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரிகள் எடுப்பதில்லை. உங்கள் மகள் சொன்னது சரி. அதாவது, உங்கள் ஒரு வார்த்தைக்கு அவருடைய கடைசி விருப்பத்தையே ரத்து செய்யும் பலம் இருக்கிறது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். பசியாறிவிட்டுப் பேசாமல் எழுந்து போகிறார் என்றால், அது ரோஷம் மட்டும் இல்லை. அவர் உங்களைக் கேட்காமல் முடிவு செய்தார். நீங்களும் அவரை ஏன் என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அந்த டயாலிசிஸ் நிலையத்தில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்து அவர் என்ன பார்த்தார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

அப்பா விஷயத்தில் உங்களுக்குக் கிடைக்காத ஒன்றை இவர் தந்திருக்கிறார். அப்பா என்ன விரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் நின்று நீங்களாக யோசித்து, நீங்களாகக் கையெழுத்துப் போட்டீர்கள். அதனால்தான் அண்ணனால் விரலை உங்கள் பக்கம் நீட்ட முடிந்தது. இவர் தன் விருப்பத்தைத் தானே சொல்லிவிட்டார். அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் வேலை முடிவெடுப்பது இல்லை. "அவர் இப்படிச் சொல்லியிருந்தார்" என்று தெரிவிப்பதுதான்.

அதற்கு அவர் சொன்னது உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, மாமியாரையும் நாத்தனாரையும் வைத்துக்கொண்டு, அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். மாமியார் அழுவார், திட்டுவார். அதை அவருடைய மகன் வாங்கிக்கொள்ளட்டும். நாளைக்கு யாரும் "அண்ணி, நீங்களாச்சும்" என்று போன் செய்ய இடம் இருக்கக்கூடாது.

அதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்பா போன அன்றைக்கு அந்த வாசலில் உங்களுக்கு என்ன நடந்தது, அண்ணன் சொன்ன வார்த்தை என்ன, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கலாம். நீங்கள் இன்னும் அங்கேயே நிற்கிறீர்கள் என்பது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் முறுக்குச் சட்டிக்கு முன்னால் வந்து நின்றிருக்கமாட்டார்.

பதிந்ததை நீக்க வைக்க வழி கேட்டீர்கள். அவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம். நீக்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீங்களும் பதிய வேண்டும் என்றும் சொல்லப்போவதில்லை, அது உங்கள் உடம்பு. இவ்வளவும் பேசிய பிறகும், அந்த வாசலில் இன்னொரு முறை நிற்க என்னால் முடியாது என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சாஸ்திரத்தையும் மாமியாரையும் இழுக்காமல், அதை அதாகவே அவரிடம் சொல்லுங்கள். "உங்க ஆசைக்கு நான் குறுக்கே நிக்கலை, ஆனா என்னால அங்க நிக்க முடியாது, மகனைப் பேசச் சொல்லிடுங்க" என்று. மகனையும் அப்போதே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்