பிசி-யிலிருந்து ஏபி-க்கு இறங்கினால் மேக்னட் போய்விடுமா?

மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: மகள் 11-ஆம் வகுப்பு, அறிவியல்-கணித மேக்னட் (தேர்வு செய்து சேர்த்துக்கொள்ளும் சிறப்புப் பிரிவு). கல்லூரி மட்டக் கணக்கான கால்குலஸ் பிசி-யில் (BC) இப்போது 'சி' கிரேடு, அதைவிடக் குறைந்த பாடமுள்ள கால்குலஸ் ஏபி-க்கு (AB) மாறட்டுமா என்கிறாள். அப்பாவோ, இவ்வளவு கஷ்டப்பட்டு இடம் வாங்கிவிட்டு இறங்குவதா என்கிறார்.

அப்பாவின் பயம் புரிகிறது. நம் ஊரில் பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப்பை விட்டால் இன்ஜினியரிங் கதவே சாத்திக்கொள்ளும், அந்த நினைப்பிலேயே வளர்ந்தவர்கள் நாம். இங்கே அப்படி இல்லை. ஏபி-யும் கால்குலஸ்தான். பிசி-யில் அது முழுக்க இருக்கிறது, கூடவே முடிவிலாத் தொடர்கள், போலார், பாராமெட்ரிக் சமன்பாடுகள், இன்னும் சில இன்டக்ரேஷன் முறைகள், அதனால் வகுப்பு ஓட்டமாக ஓடும். உங்கள் கவுண்டியில் இரண்டுக்கும் வெயிட்டட் ஜிபிஏ (கடினப் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் கிரேடு சராசரி) கணக்கு ஒன்றே: 'ஏ'வுக்கு 5, 'பி'க்கு 4, 'சி'க்கு 3. யூனிவர்சிட்டி ஆஃப் மேரிலாந்தில் கால்குலஸ் ஏபி தேர்வில் ஐந்துக்கு 4 வாங்கினால் முதல் கால்குலஸ் கோர்ஸுக்கு கிரெடிட், பிசி-யில் 4 என்றால் இரண்டாவதுக்கும் சேர்த்து. ஆக, அங்கே சேர்ந்தால் நஷ்டம் ஒரு செமஸ்டர் கணக்கு, அவ்வளவுதான்.

ஆனால் மாற்றச் சொல்வதற்கு முன்னால் மகளின் கடைசி இரண்டு மூன்று டெஸ்ட் பேப்பரை வாங்கி, அவளோடு உட்கார்ந்து பாருங்கள், மார்க்கைப் பார்க்காதீர்கள், எந்த வரியில் தப்பு என்று பாருங்கள். செயின் ரூலைச் சரியாகப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் பின்ன அடுக்கைச் சுருக்கும்போது மைனஸ் குறியை விட்டிருந்தால் அது பழைய அல்ஜீப்ரா ஓட்டை, ஏபி-க்குப் போனாலும் கூடவே வரும். அதற்கு மருந்து பயிற்சி. மாறாக, கேள்வி என்ன கேட்கிறதென்றே பிடிபடாமல் பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தால் வேகம்தான் பிரச்சினை, அப்போது மாறுவதில் அர்த்தம் இருக்கிறது.

அப்புறம் தூக்கம். கவுண்டி உயர்நிலைப் பள்ளிகள் 7:45-க்கே தொடங்கிவிடுகின்றன, மேக்னட் பஸ் தூரத்துக்குப் போகிறதென்றால் பிள்ளை ஆறு மணிக்கே வாசலில் நிற்பாள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. உங்கள் மகள் நள்ளிரவு ஒரு மணிக்குப் படுக்கிறாள் என்றால், கணக்கைத் தொடுவதற்கு முன் வேறு எந்தக் கோர்ஸை, எந்த கிளப்பைக் கழிக்கலாம் என்று பாருங்கள். பல வீடுகளில் இது யாருக்கும் தோன்றுவதே இல்லை.

நிஜமாகவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிசி உங்கள் மேக்னட்டில் கட்டாயக் கோர்ஸா? கட்டாயம் என்றால் அதை விடுவது கோர்ஸ் மாற்றத்தோடு நிற்காது, மேக்னட்டை விட்டு வெளியேறுவதாகவே ஆகிவிடலாம். வேறு பள்ளியின் எல்லையில் குடியிருந்து மேக்னட்டுக்காக மட்டும் அந்தப் பள்ளிக்குப் போகிறவள் என்றால் உங்கள் வட்டாரப் பள்ளிக்கே திரும்ப வேண்டி வரும். இதை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், மேக்னட் கோஆர்டினேட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். கோர்ஸை விடுவதற்கான கடைசித் தேதியையும் பள்ளி கவுன்சிலரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) பாதியில் விட்டதைக் காட்டும் 'டபிள்யூ' ஏறலாம்.

கல்லூரிகள் என்ன நினைக்கும்? பள்ளியில் என்னென்ன கிடைத்தது, அதில் பிள்ளை எதை எடுத்தாள் என்று ஒப்பிடுவார்கள், அதனால் இறங்குவது கண்ணில் படத்தான் செய்யும். ஆனாலும் மற்ற கடினமான பாடங்கள் அப்படியே இருந்து, அடுத்த வருடம் பிசி-யும் எடுத்தால் இதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. பிசி-யில் 'சி' வாங்கிக்கொண்டு ஃபிசிக்ஸையும் 'சி'க்கு இழுத்துவிடுவதுதான் மோசம்.

முதல் மின்னஞ்சலை மகளே கணக்கு ஆசிரியருக்கு அனுப்பட்டும், நீங்கள் சிசி-யில் இருந்தால் போதும். இந்த இரண்டு கோர்ஸுக்குமான அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் (AP) தேர்வுப் பதிவு நவம்பர் நடுவில் முடிகிறது, மாறுவதென்றால் எந்தத் தேர்வுக்குப் பெயர் போயிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.