மகள் காசநோய் ஆய்வுக்குப் போகலாமா?

அம்மா, உங்கள் மகள் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, காசநோய்க் கிருமி வகைகளும் நம் நோய் எதிர்ப்புச் செல்களும் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள். அவளுக்கு நோய் தொற்றிவிடுமோ, படித்து முடித்தால் வேலை கிடைக்குமோ என்பது உங்கள் கவலை. இரண்டுமே நியாயமான கவலைதான்.

முதலில் அவள் என்ன படிக்கப்போகிறாள் என்று சொல்லிவிடுகிறேன். காசநோய்க் கிருமி எல்லா ஊரிலும் ஒன்றுபோல இல்லை. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது ஒரு பழைய பரம்பரையைச் சேர்ந்த வகை. கிழக்கு ஆசியாவில் பெய்ஜிங் வகை. மனித ரத்தத்திலிருந்து வளர்த்த, கிருமிகளை விழுங்கி அழிக்கும் பெருவிழுங்கி என்ற எதிர்ப்புச் செல்களுக்குள் இவற்றை விட்டுப் பார்த்தபோது, பழைய பரம்பரைகள் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை, அதாவது மற்ற செல்களை எச்சரிக்கும் புரதங்களை, கூடுதலாகச் சுரக்க வைத்தன. பெய்ஜிங் உள்ளிட்ட பிந்தைய வகைகள் அந்த அபாய மணியை அவ்வளவாக அடிக்கவிடாமல் உள்ளே தங்கிவிடுகின்றன. விழுங்கிய செல்லே கிருமிக்கு வீடாகிவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு நாம் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைச் சரியாகத் தடுப்பதில்லை. புதிய தடுப்பூசி எல்லா வகைக் கிருமிக்கும் எதிராக நிற்க வேண்டுமென்றால், உங்கள் மகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். எனக்கு இந்தத் துறை மேல் பெரிய மதிப்பு உண்டு.

சரி, தொற்று. உயிருள்ள கிருமியோடு செய்யும் வேலை பிஎஸ்எல்-3 (மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு) என்ற தனிக் கூடத்தில்தான் நடக்கும். உள்காற்று வெளியே கசியாதபடி அழுத்தம் குறைத்து வைத்திருப்பார்கள். பயிற்சி முடிக்காத யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, சேரும் முன்பே பிஎச்.டி. வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். மறைக்கக் கூடாது.

வேலையைப் பொறுத்தவரை, பட்டத்தைவிடக் கைத்திறன்தான் காப்பாற்றும். ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை லேசர் ஒளியால் ஒவ்வொன்றாக எண்ணி வகை பிரிப்பது), செல் வளர்ப்பு, ஆர்என்ஏ தரவு அலசல் (செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று கணினியில் பார்ப்பது) ஆகிய மூன்றும் கைவந்தால் காசநோயோடு நின்றுவிட வேண்டியதில்லை. தடுப்பூசி நிறுவனம், புற்றுநோய் ஆய்வு, நோயறிதல் கருவி என்று எங்கும் போகலாம். கணினி வேலை பிடிக்காது என்று தள்ளிவைத்தால் பின்னால் கஷ்டப்படுவாள், அதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். செலவுக்கு, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. முடிக்க ஐந்தாறு வருடம் ஆகும். கல்யாணப் பேச்சை அதற்கேற்ப நீங்கள்தான் தள்ளிவைக்க வேண்டும்.

இடம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அங்கே நடந்த ஆய்வுதான். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்திலும் (ஐஐஎஸ்சி) காசநோய் ஆய்வு நடக்கிறது.

நேராக பிஎச்.டி.யில் சேர வேண்டாம். முதலில் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒரு காசநோய் ஆய்வுக் கூடத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக (ஆய்வுத் திட்ட உதவியாளராக) இருக்கட்டும். இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். வளர்ப்புத் தட்டில் கண்ணுக்குத் தெரிய மூன்று நான்கு வாரம். ஒரு சோதனை கெட்டால் மாதம் போய்விடும். அந்தக் காத்திருப்பு அவளுக்கு ஒத்துவருகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம், அந்தக் கூடத்தில் படித்து முடித்த சீனியர்கள் இரண்டு பேரிடம் எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும்.