கம்பிக்குள் அரிவாள் செல் வலி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறையில் நர்ஸாக இருக்கிறேன். அரிவாள் செல் நோயுள்ள கைதி வலி தாங்கவில்லை என்கிறார். நாடி, பிரஷர் எல்லாம் சீராக இருக்கிறது. போதை தரும் வலி ஊசிக்காக நடிக்கிறாரோ?

பதில்: வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதால் வரும் வலி இது. இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது. நாடி சீராக இருக்கும்போதே வலி உச்சத்தில் இருக்கலாம். சிறுவயதிலிருந்து வலியோடு வளர்ந்தவர் அலறமாட்டார், டிவிகூடப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சொல்வதை நம்புங்கள். அவசரப் பிரிவுக்கு வந்த 1 மணி நேரத்துக்குள் முதல் வலிமருந்து, பிறகு 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்து மருந்து என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு முறை வரும்வரை காத்திருப்பது பல்வலிக்கு ஒத்துவரலாம் (அதுவே சந்தேகம்), இதற்கு ஆகாது. காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், 4 மணி நேரம் தாண்டிய ஆணுறுப்பு விறைப்பு என்றால் உடனே மருத்துவமனை. இவர்களில் பலருக்கு, தொற்றைத் தடுக்க உதவும் மண்ணீரல் சிறுவயதிலேயே செயலிழந்திருக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டால் தொற்று ரத்தத்தில் பரவிவிடும்.

கேள்வி: என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவருக்கும் இந்த நோய். கவுண்டி (மாவட்ட) சிறைக்குப் போனதும், வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை நின்றுவிட்டது.

பதில்: தினமும் விழுங்கினால்தான் அது வேலை செய்யும்; நின்றால் பலன் மெல்ல மங்கிவிடும். அவருடைய ரத்தவியல் மருத்துவரிடம் இன்றே கடிதம் வாங்கி, மருந்தின் அளவு, கடைசி ரத்த எண்ணிக்கை, வலி வந்தால் தரவேண்டிய மருந்து மூன்றையும் எழுதச் சொல்லி, சிறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் போர்வையும் எந்நேரமும் தண்ணீரும் வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்க்கட்டும். குளிரும் நீர் வறட்சியும் வலியைக் கிளப்பும்.

கேள்வி: சட்டம் துணை நிற்குமா?

பதில்: ஓரளவு. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசியல் சட்ட மீறல் என்று 1976இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறும் கவனக்குறைவு போதாது என்றும் சொன்னது. அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

கேள்வி: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் செல் மரபணு வந்து, நோய் இல்லாமல் இருப்பவர் காவலில் இறந்தால் அதுவே காரணமா?

பதில்: பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவே இராது. அளவுமீறிய உடலுழைப்பில் அரிதாகச் சரிந்து விழுவதுண்டு. ஆனால் 2006இல் ஃபுளோரிடாவின் சிறார் பயிற்சி முகாமில் காவலர்கள் அடித்து, வாயைப் பொத்தி, அம்மோனியா நுகரவைத்த 14 வயது மார்ட்டின் லீ ஆண்டர்சன் இறந்தபோது, முதல் பிரேதப் பரிசோதனை இந்த மரபணுவைத்தான் காரணம் காட்டியது. இரண்டாவது பரிசோதனை மூச்சடைப்பு என்றது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையானார்கள். அறிக்கையில் இந்தக் காரணத்தைக் கண்டால், கடைசி அரை மணி நேரத்தின் வீடியோவைக் கேளுங்கள்.